காசியில் ஐந்து டேக்

ஆமா தாயி, நாந்தான் அது. காசி வீடியோவுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு அழுகிற அம்மா. பஸ்ஸு ஏறுனதுலருந்து நீ திரும்பித் திரும்பிப் பாக்கும்போதே நெனச்சேன். உக்காரு, நான் தள்ளி உக்காந்துக்கிறேன். காரியாபட்டி வரைக்கும்தான் நான் வாரேன். நீ மதுரைக்கா? சரி, சரி.

எத்தனை தடவ பாத்த? மூணு தடவையா! நான் ஒரே ஒரு தடவதான் முழுசாப் பாத்தேன். பதினெட்டு நிமிசம். நாங்க போயிட்டு வந்தது ஒம்பது நாளு. ஒம்பது நாளைப் பதினெட்டு நிமிசத்துல அடைச்சா மிச்சமெல்லாம் எங்கிட்டுப் போச்சுன்னு ஒருத்தராவது கேட்டீகளா? ஒம்பது லட்சம் பேரு பாத்திருக்கீக. ஒருத்தரும் கேக்கல. "அம்மா சிரிப்பு அழகு", "அப்பா தெய்வம்", "எங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும் போல இருக்கு". இதத்தான் எழுதுறீக.

என்னது, நீயும் டிக்கெட் போட்டுட்டியா? அதப் பாத்துட்டா? அடி ஆத்தி. உங்க அப்பாவுக்கு வயசு என்ன? அறுவத்தி நாலா. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அறுவத்தாறு. சரி, காரியாபட்டி போய்ச் சேர நேரம் கெடக்கு. சொல்றேன் கேளு. கேட்டுட்டுப் போறதும் போகாததும் ஒம்பாடு.

வீடியோவுல ரயில்ல சன்னலோரம் உக்காந்து நான் டீ குடிக்கிறேனா? அது சன்னலோரச் சீட்டுக்காரரு பல்லு வெளக்கப் போயிருந்தப்ப எடுத்தது. எங்களுக்குக் கெடச்சது மூணு மேல் பெர்த்து, ஒண்ணு மட்டும் கீழ. எம் முட்டிக்கு மேல ஏற முடியுமா? கீழ இருந்ததுல அவுகளப் படுக்க வச்சுட்டு, நானு கதவோரமா பேப்பரை விரிச்சு உக்காந்தேன். அங்கதான் கக்கூசு. ரெண்டு நாளும் அந்த வாடைதான். சாம்பார்ச் சாதம் கட்டிட்டுப் போனேன், ஒரு வாய் எறங்கல.

அப்புறம் கோயிலு கோபுரம் காட்டுறப்ப, "அப்பாடா, இந்த ஜென்மம் கடைத்தேறிருச்சு"ன்னு எங்கொரலு கேக்கும்ல? அதக் கேட்டு நீ அழுதியா? ஐயோ தாயி, அது நான் எங்க சொன்னது தெரியுமா! கோயிலுக்குள்ள போனு, கேமரா எதையும் விட மாட்டாக. வெளிய சந்துக்குள்ள நடந்துக்கிட்டு இருந்தோம். எனக்கு முட்டிக்கிட்டு வந்துருச்சு. காலையிலருந்து அடக்கி வச்சிருந்தேன். எங்கிட்டுப் போறது? எல்லாப் பக்கமும் மாடு, சனம், பைக்கு. எம் மருமகதான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, பாஷை தெரியாம, கையக் காட்டி, காலைக் காட்டி, அந்தம்மாவைக் கும்பிட்டு என்னை உள்ள அனுப்புனா. போயிட்டு வெளிய வந்து நான் சொன்னதுதான் அது. ஜென்மம் கடைத்தேறிருச்சுன்னு. சேலையில குட்டியா ஒரு மைக்கை மாட்டி விட்டிருந்தான் எம் மகன், நான் அத மறந்துட்டேன். அதக் கொண்டு போயி கோபுரத்து மேல ஒட்டிட்டான். மூளைக்காரன் தாயி, சின்னதுலருந்தே அப்படித்தான்.

சாமியை நெசமாப் பாத்தேனான்னு கேக்கிறியா? பாத்தேன். ரெண்டு செகண்டு. தலையக் குனிஞ்சேன், முதுகுல கைய வச்சுத் தள்ளி விட்டுட்டாக. ஆனா அந்த ரெண்டு செகண்டு எனக்குள்ள என்னமோ ஆச்சு. அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அது வீடியோவுல இல்ல. அது ஒண்ணுதான் நெசம், அது இல்ல.

எங்க வீட்டுக்காரவுக பேரு தவசிலிங்கம். கரண்ட் ஆபீசுல லைன்மேனு, ரிட்டயராகி எட்டு வருசம் ஆச்சு. வீடியோவுல பாத்தா சாந்த சொரூபி மாதிரி இருக்காகளா? அருப்புக்கோட்டையில எங்க தெருவுல வந்து கேட்டுப்பாரு. அம்புட்டுக் கோவம். கொழம்புல உப்புக் கூடுனா தட்டு வாசல்ல கெடக்கும். போஸ்ட்டு மரத்துல கொடி கட்ட வந்தவனைத் தெரு முக்கு வரைக்கும் வெரட்டிக்கிட்டே போனவுக. எம் மகன் குருபரன் கம்பெனி வேலையை விட்டுட்டு வீடியோ எடுக்கப் போறேன்னப்ப, வீடே ரெண்டாச்சு. ஒரு மாசம் அவன் மொகத்துல முழிக்கல. எம் மகன் யாருக்கும் பயப்பட மாட்டான், அப்பாவுக்கு மட்டும் பயப்படுவான். நான் எத்தனை தடவ வேண்டியிருக்கேன் தெரியுமா, சாமி, இந்த மனுசனுக்கு இந்தக் கோவத்த மட்டும் எடுத்துருன்னு.

எடுத்துருச்சுல்ல சாமி. அதத்தான் சொல்ல வாரேன்.

காசிக்குப் போனா ஒரு காயி, ஒரு பழம் விட்டுட்டு வரணும்னு ஒரு வழக்கம் இருக்குல்ல. கங்கையில முழுகி எந்திரிச்சு, கையில தண்ணிய அள்ளி, இன்னத விட்டுட்டேன்னு சொல்லித் தண்ணிய விட்டா முடிஞ்சது. அப்புறம் உசுரு உள்ளமட்டும் அத வாயில வைக்கக் கூடாது. வெவரமானவுக பாகக்காயை விட்டுட்டு வருவாக, அத்திப்பழத்த விட்டுட்டு வருவாக. எங்க வீட்டுல அவுக அப்படி இல்ல. "பிடிக்காதத விடுறதுக்கு எதுக்குடா காசி வரைக்கும் வரணும், வீட்டுலயே விடலாமே"ம்பாக. அவ்வளவு நேர்மை.

தை மாசம் தாயி. அந்தத் தண்ணி எப்படி இருக்கும்ங்கிற? ஐஸ்பெட்டிக்குள்ள கைய விட்டு எடுக்க மறந்துட்ட மாதிரி. அவுகளுக்கு வீசிங்கு வேற. வீடியோவுல தங்கமா ஒரு சூரியன் எந்திரிக்குதுல்ல, அது எங்க சூரியனே இல்ல. யாரோ என்னைக்கோ எடுத்தது. எங்களுக்குப் பூராவும் பனிமூட்டம், எதுத்தாப்புல நிக்கிற படகு கூடத் தெரியல.

மொதத் தடவ முழுகி எந்திரிச்சு, கையில தண்ணிய அள்ளி, "கத்தரிக்காயை விட்டுட்டேன்"னாக. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அவுகளுக்குச் சின்னக் கத்தரிக்காய்ப் புளிக்கொழம்பு வச்சா ரெண்டு வேளைக்கும் அதுதான். சரி, விட்டாச்சு. எம் மகன், "அப்பா, படகுக்காரன் குறுக்க வந்துட்டான்ப்பா, இன்னொருக்கா முழுகி அதையே சொல்லுங்க"ன்னான்.

அதுக்கு அவுக என்ன சொன்னாக தெரியுமா? "விட்டத எப்படிடா திரும்ப விடுறது? கையில இல்லாதத எப்படிக் குடுக்கிறது?"

அவன் சிரிச்சான். "சும்மா சொல்லுங்கப்பா"ன்னான். அவுகளுக்குச் சும்மா சொல்லவே தெரியாதே. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, கங்கையப் பாத்துச் சும்மா சொல்வாகளா? ரெண்டாவது தடவ முழுகுனாக. "டீயை விட்டுட்டேன்"னாக. ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிற மனுசன்.

அப்பத்தான் எம் மருமக சுகிர்தா, கேமராவைக் கீழ எறக்கிட்டா. அவதான் கேமரா பிடிப்பா. "மாமாவுக்கு உதடு நீலமா இருக்குங்க, போதும்"னா. அவ எறக்குனதாலதான் அந்த டேக்கும் கெட்டுப் போச்சு. பின்னால ஒருத்தன் பல்லு வெளக்கிக்கிட்டு நின்னான், அது வேற. மூணாவது தடவ. "வாழைப்பழம்." முப்பது வருசமாச் சாப்பிட்டு முடிச்சதும் ஒரு வாழைப்பழம் திங்கிறவுக. இருமல் வந்து கொரலு ஒடைஞ்சு போச்சு. திரும்ப இவ கேமராவை எறக்குறா. எம் மகன் என்ன பண்ணுவான் பாவம்? அவ்வளவு தூரம் போயிருக்கான், ஒரு நல்ல காட்சி வேணாமா? இவ ஒழுங்கா நின்னு பிடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டுல முடிஞ்சிருக்கும். நான் இத எங்க வேணும்னாலும் சொல்வேன்.

நாலாவது தடவ முழுகி, "வெத்தலையை விட்டுட்டேன்"னாக. அதுவும் சரியில்லன்னான். அப்ப ஒரு சத்தம் போட்டாக பாரு! "டேய் குருபரா! நான் சாமிகிட்ட வந்திருக்கேனா, ஒன் சினிமாவுக்கு வந்திருக்கேனா?"ன்னு. படித்துறை பூராவும் திரும்பிப் பாத்துச்சு. பாஷை தெரியாதவுக கூட ஒதுங்கி நின்னாக. எனக்கு ஒரு நிமிசம் நம்ம தெருவுலயே நிக்கிற மாதிரி இருந்துச்சு.

எம் மகன் அசரல. மொகம் பூராவும் வெளிச்சம் அவனுக்கு. "அப்பா, இதுதான்ப்பா! கத்தரிக்காய் எல்லாம் எல்லாரும் விடுவாக. நீங்க கோவத்தை விட்டுட்டேன்னு சொல்லுங்க. சனம் அழுதுரும்"னான்.

அவுக அவனை ஒரு பார்வை பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் முழுகுனாக. எந்திரிச்சாக. தண்ணிய அள்ளுனாக. "கோவத்தை விட்டுட்டேன்"னாக.

அதுதான் நீ பாத்தது. அந்த ஒண்ணுதான் வீடியோவுல இருக்கு. பின்னாடி வயலின் போட்டு, தண்ணி சொட்டுச் சொட்டா எறங்குறத மெதுவா ஓட விட்டு. அடுத்தாப்புல நான் அழுகுறேன்ல, புருசன் மனசு மாறுனத நெனச்சு அழுகுற மாதிரி? அவுக ஏறி வரும்போது பாசியில வழுக்கி விழுந்துட்டாக தாயி. முட்டி பிளந்து ரத்தம். சுகிர்தா கேமராவைத் தூக்கி எம் மகன் கையில குடுத்துட்டு ஓடுனா. துப்பட்டாவக் கிழிச்சுக் கட்டுனா. நான் அதப் பாத்துத்தான் அழுதேன். அந்த அழுகையை அவன் எடுத்தான்.

நான் என்னத்த விட்டேன்னு கேக்கிறியா? நானா? எங்கிட்ட யாரு கேட்டா? நான் துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவுகளுக்குத் துடைச்சு விடுறதுக்கே நேரம் பத்தல. ஒரு முழுக்குப் போட்டேன், அவ்வளவுதான். ஒண்ணையும் விடல. போன மாதிரியே வந்தேன்.

ஊருக்கு வந்த மூணாம் நாளு காய்ச்சலு. நெஞ்சு பூராவும் சளி. நிமோனியான்னு சொல்லி ஆஸ்பத்திரியில பத்து நாளு வச்சிருந்தாக. சுகிர்தாதான் கூட இருந்தா. எனக்கு முட்டி வலி, உக்கார முடியாது. எம் மகனுக்கு வீடியோ வேலை. எனக்கு அவளப் பத்தித் தெரியாதா, மாமனாரை நல்லாப் பாத்துக்கிறேன்னு நாலு பேரு சொல்லணும். அப்படித்தான் நான் நெனச்சேன். அவுக மூக்குல குழாயோட கெடக்கிறப்ப, இவ ஒரு நாளு ஆஸ்பத்திரி வராந்தாவுல எம் மகனப் பிடிச்சுக்கிட்டா. "அந்த வீடியோவைப் போடாதீங்க. மாமா சாகக் கெடக்கிறாரு, நீங்க அந்தத் தண்ணியைக் காட்டி லைக்கு வாங்கப் போறீங்களா"ன்னு. நர்சம்மா வந்து அதட்டுற அளவுக்குச் சத்தம். நல்லா இருக்கா இது? பொண்டாட்டி புருசனை நாலு பேரு முன்னால இப்படிக் கேக்கலாமா?

எப்பவும் வீடியோவை வெட்டி ஒட்டுறது அவதான். அத மட்டும் வெட்ட மாட்டேன்னுட்டா. எம் மகன் பாவம், தானே ஒக்காந்து வெட்டுனான். அதான் சொல்றேன், அவ வெட்டியிருந்தா இப்படி வந்திருக்குமா? அவளுக்கு நல்லது கெட்டது தெரியும், எத விடணும் எத வைக்கணும்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஒதுங்கி நின்னா பாரு, அதுதான் எனக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்தவகிட்ட நான் கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். எம் மகன் பொழப்பைக் கெடுக்க வந்தவளேன்னேன். அவ, மாமாவுக்கு மாத்திரை எப்ப எப்ப குடுக்கணும்னு ஒரு காகிதத்துல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டு, பையத் தூக்கிட்டுப் போயிட்டா. காரியாபட்டிதான் அவ அம்மா வீடு. நாலு மாசம் ஆச்சு.

அவுக ஆஸ்பத்திரியிலருந்து வந்தாக. மொத நாளு டீ போட்டுக் குடுத்தேன். "விட்டாச்சே"ன்னாக. எம் மகன், "அப்பா, அதெல்லாம் வீடியோவுல கட் பண்ணியாச்சு. கணக்குல வராது. கோவத்தை மட்டுந்தான் நீங்க விட்டீங்க"ன்னான். அதுக்கு அவுக சத்தமே இல்லாம, "நீ கட் பண்ணா கங்கைக்குக் காது கேக்காமப் போயிருமா"ன்னாக. அவ்வளவுதான். டீ இல்ல, கத்தரிக்காய் இல்ல, பழம் இல்ல, வெத்தலை இல்ல. சொந்தக்காரவுக வீட்டுல டீ வேணாம்னா கோவிச்சுக்கிறாக. "வீடியோவுல டீயைப் பத்திச் சொல்லலியே, எங்க வீட்டுல குடிச்சா கொறைஞ்சா போயிருவீக"ன்னு.

அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கிருவேன். இந்தக் கோவம் இருக்கு பாரு. நெசமாவே விட்டுட்டாக தாயி. நாலு மாசமா ஒரு அதட்டலு கிடையாது. எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு நாளு வேணும்னே கொழம்புல ரெண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன். தட்டு பறக்கட்டும், அப்படியாவது எம் புருசன் திரும்பி வரட்டும்னு. ஒரு வாயி வச்சாக. என்னைப் பாத்தாக. தண்ணிய ஊத்திக் கலக்கித் தின்னுட்டுக் கைய கழுவிட்டாக. நான் அடுப்படியில போயி அழுதேன். நாப்பது வருசமா நான் திட்டு வாங்கி அழுதிருக்கேன், திட்டு வாங்காம அன்னைக்குத்தான் அழுதேன்.

எம் மகனுக்கு என்னன்னா, வீடியோ நல்லா ஓடிருச்சு. "கோவத்தை விட்ட அப்பா"ன்னு பேரு வந்துருச்சு. கீழ எழுதுறீகள்ல, யாரோ ஒரு பாவி எழுதியிருக்கான், "அடுத்து அப்பாவைக் கேதார்நாத் கூட்டிட்டுப் போங்க ப்ரோ"ன்னு. அதுக்கு நாலாயிரம் லைக்காம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டான். வர்ற வியாழக்கெழமை கெளம்பணும்.

கேதார்நாத்துன்னா பனிமலை. மூச்சு விடக் காத்து பத்தாதாம். டாக்டரு பட்டுனு சொல்லிட்டாரு, இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு மலைங்கிற பேச்சே கூடாதுன்னு. எம் மகன், "டோலியில தூக்கிட்டுப் போயிருவாகம்மா, அப்பா கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தாப் போதும், வீடியோவுக்கு"ங்கிறான். எனக்கு அந்த ஒரு கிலோமீட்டரு கண்ணுக்குள்ள நிக்குது தாயி. போனா அவுக உசுரோட வர மாட்டாக. எனக்குத் தெரியும். அவுகளுக்கும் தெரியும்.

பழைய மனுசனா இருந்தா என்ன செஞ்சிருப்பாக? டிக்கெட்டக் கிழிச்சு மூஞ்சியில வீசியிருப்பாக. இப்பக் கேட்டா, "கூப்பிடுறான், போக வேண்டியதுதான்"ங்கிறாக. "மாட்டேன்னு சொல்லுங்க"ன்னேன். "மாட்டேன்னு சொல்லணும்னா கோவம் வரணும்ல, அத விட்டாச்சே"ன்னாக. சொல்லிட்டுப் பேப்பரு படிக்கிறாக.

நான் சொல்லலாமேன்னு கேக்கிறியா? நீ கேப்பேன்னு தெரியும். எங்கிட்டக் கோவம் இல்லாம இல்ல. நான்தான் எதையும் விடலையே. ராத்திரி பகலா அது நெஞ்சுக்குள்ள கொதிக்குது. அவன் வந்து "அம்மா"ன்னு முன்னாடி நின்னான்னா வாயி வர மாட்டேங்குது. ஒத்தப் புள்ள. கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சுப் பொறந்தவன்.

அதுக்குத்தான் காரியாபட்டி போறேன். யாருகிட்டயும் சொல்லல, கோயிலுக்குப் போறேன்னுட்டு வந்தேன். எம் மகனைப் பாத்துக் கூடாதுன்னு சொன்னவுக இந்த வீட்டுல ரெண்டே பேருதான். ஒருத்தரு வாயைக் கங்கையில விட்டுட்டு வந்துட்டாரு. இன்னொருத்தி இவ. வாயாடி, ஆனா சொல்லிருவா. அவ கைய காலப் பிடிக்கணும்னாலும் பிடிச்சுர வேண்டியதுதான். "நீ எங்க வீட்டுல வாழ வேணாம்டி, ஒரே ஒரு தடவ வந்து சத்தம் போட்டுட்டுப் போ. டிக்கெட்ட ரத்துப் பண்ற வரைக்கும் வாசல்ல உக்காரு. நானும் ஒனக்குப் பக்கத்துல உக்காருறேன்"னு கேக்கப் போறேன். ரெண்டு பேரு சேந்து உக்காந்தா அவன் கேட்டுத்தான ஆகணும்? என்ன சொல்ற, கேப்பான்ல?

காரியாபட்டி வந்துருச்சா? முக்குத் திரும்பியாச்சா. இரு, போனு அடிக்குது. அவன்தான். செத்த சும்மா இரு தாயி.

சொல்லுய்யா. ஆமாய்யா, கோயில்லதான் இருக்கேன். சாப்பிட்டேன்யா. ஏன்யா கொரலு ஒரு மாதிரி இருக்கு? என்னது? அவளா? அவளே போன் பண்ணாளா? ம். ம். டிக்கெட்ட ரத்துப் பண்ணச் சொன்னாளா? வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்னாளா... டாக்டரு சீட்டோடவா? ம். நானா? நான் எதுக்குய்யா அவகிட்டச் சொல்லப் போறேன்? நான் எதுக்கு அவ வீட்டுப் பக்கம் போகப் போறேன்? எம்மேல சத்தியமா இல்லய்யா. ஐயய்யோ, அழுகாதய்யா. நீ அழுதா எனக்குத் தாங்காதுய்யா. நீ என்ன அப்பாவைக் கொல்லவா கூட்டிட்டுப் போற? புண்ணியத்துக்குத்தான கூட்டிட்டுப் போற. அவ யாரு குறுக்க நிக்கிறதுக்கு? வீட்டை விட்டுப் போனவளுக்கு நம்ம குடும்பத்துல என்ன பேச்சு? வாசல்ல வந்து உக்காரட்டும், நான் பேசிக்கிறேன் அவகிட்ட. வெளக்குமாத்தை எடுக்கிறேனா இல்லையா பாரு. அப்பா கண்டிப்பா வருவாக. நான் சொல்றேன்ல, வருவாக. கண்ணத் தொடைச்சுட்டு ஒரு வாயி சாப்பிடுய்யா. சரிய்யா. சரி. வச்சுர்றேன்.

என்ன தாயி அப்படிப் பாக்குற? கேட்டேல்ல, எம் புள்ள கொரலு கம்மிப் போச்சு. தேம்பித் தேம்பி அழுகுறான். பெத்தவளால அதக் கேட்டுக்கிட்டு எப்படி இருக்க முடியும்? நீயும் ஒரு நாளு பெத்து வளத்துப் பாரு, தெரியும்.

ஏய், கண்டக்டரு தம்பி, காரியாபட்டின்னு எங்கிட்டக் கத்தாத, எனக்குக் காது கேக்குது. நான் எறங்கல. விசிலை ஊது. மதுரைக்கு ஒரு சீட்டுக் குடு.

தள்ளி உக்காரு தாயி, வெயிலு அடிக்குது. மதுரையில ஸ்வெட்டரு எந்தக் கடையில நல்லா இருக்கும்? ஒனக்குத் தெரியுமா? கம்பளியா, கனமா, கழுத்து வரைக்கும் மூடுற மாதிரி வேணும். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலருந்து அவுக ரொம்ப எளைச்சுட்டாக, சின்ன சைசே போதும்.